முப்பத்தெட்டாம் பக்கத்துப் பாலம்

குவளைமங்கலம் பேரூராட்சியில் ஆண்டு அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதியோடு முடிந்துவிடும். நவம்பரும் டிசம்பரும் வருவதை யாரும் தடுப்பதில்லை. மழை வரும், பனி வரும், மார்கழி பிறந்தால் கோயில் ஒலிபெருக்கியும் வரும். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் ஊருக்குள் எதுவும் நடக்கக் கூடாது. நடந்தால் அது நடந்தவரின் சொந்தப் பொறுப்பு.

எல்லாவற்றுக்கும் காரணம் ஆண்டு மலர். பெயர் 'திரும்பிப் பார்க்கிறோம்'. ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் கல்யாண மண்டபத்தில் மேளதாளத்தோடு வெளிவரும். நூற்றிருபது பக்கம், பளபளப்பான தாள். முதல் பகுதி உலகம். அதற்கு அறுபது பக்கம். இரண்டாம் பகுதி கலை, பண்பாடு, நாற்பத்தைந்து. மூன்றாவதாக நம் ஊர் மைல்கற்கள் பதினைந்து பக்கம், அதிலும் பன்னிரண்டு பக்கம் வாழ்த்துச் செய்திகளுக்கே போய்விடும். உள்ளூர்ப் பக்கங்களுக்கு மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். மன்றம் அக்டோபர் கடைசியில்தான் கூடும். ஆகவே நவம்பர், டிசம்பரில் ஊரில் என்னவெல்லாம் நடந்தது என்பதை அக்டோபரிலேயே எழுதி, ஏகமனதாக நிறைவேற்றிவிடுவார்கள். மழை எவ்வளவு பெய்யும் என்று முன்கூட்டித் தெரியாதல்லவா, அதனால் 'போதிய அளவு பெய்தது' என்று எழுதுவது வழக்கம்.

இதோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். ஏழு வருஷத்துக்கு முன்னால் எங்கோ நடந்த விழாவில் இந்த மலருக்கு 'சிறந்த ஆவணம்' என்று ஒரு கேடயம் கொடுத்துத் தொலைத்தார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி. மலரே பேரூராட்சியின் ஒரே அதிகாரபூர்வ நிகழ்வுப் பதிவு, அதில் இடம்பெறாத எந்தச் சேதத்துக்கும் கோப்பு திறக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டார்கள். அதன் பிறகு குவளைமங்கலத்தில் சேதமே இல்லை.

உலகத்தின் மீது மட்டும் இந்த மலருக்கு அபாரமான அக்கறை. எந்தக் கண்டத்தில் யார் அதிபரானாலும் பேரூராட்சி வாழ்த்தும். எங்கே எரிமலை வெடித்தாலும் வன்மையாகக் கண்டிக்கும். எரிமலைகள் இதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

கீழத்தெரு இளையபெருமாளுக்கு இந்த மலரைப் பற்றி அதுவரை ஒரு அபிப்பிராயமும் கிடையாது. வீட்டுக்கு ஒன்று இலவசமாக வரும். அவர் மனைவி நீலாம்பாள் அதைப் பிரித்து அடுக்களை அலமாரித் தட்டில் விரிப்பாள். தாள் கனமானது, எண்ணெய் கீழே இறங்காது. போன வருஷத்து உலகத் தலைவர்கள் பன்னிரண்டு பேர் மீது அவள் வீட்டு மிளகாய்த்தூள் டப்பாவும் புளிப் பானையும் இருந்தன.

அந்த வருஷம் நவம்பர் இருபத்தாறாம் தேதி, மூன்று நாள் விடாத மழைக்குப் பிறகு, பிற்பகல் மூன்று மணிக்குப் பிடாரி வாய்க்கால் பாலம் இடிந்தது. கட்டி ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. மூட்டை இறக்கின மாதிரி ஒரு சத்தம். இளையபெருமாள் திரும்பிப் பார்த்தபோது இரண்டு ஓரமும் இருந்தன, நடுவைக் காணோம். அவர் வயலில் இருந்தார். வீடு அக்கரையில் இருந்தது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, மண்வெட்டியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

அந்த வாய்க்காலுக்கு அப்பால் அறுபத்தொரு ஏக்கர் கீழத்தெருக்காரர்களின் நிலம். அவர்களுடைய அப்பனும் ஆத்தாளும் அதே வயல்களில் அடுத்தவருக்காக இறங்கி நட்டவர்கள், அறுத்தவர்கள். இளையபெருமாளின் அப்பா ஒரு ஏக்கர் வாங்கினார். இவர் முப்பது வருஷத்தில் அதை மூன்றாக்கினார். மூன்றிலும் இப்போது சம்பா கதிர் கட்டப் போகிற நேரம். தை பிறந்ததும் அறுவடை. கையால் அறுக்கிற காலமெல்லாம் போய், இன்று பெல்ட் போட்ட அறுவடை மெஷின்தான் எல்லாவற்றுக்கும். மெஷின் போக அந்தப் பாலத்தை விட்டால் வேறு வழி இல்லை. ஒரு பக்கம் ஆறு, மற்ற பக்கமெல்லாம் அடுத்த ஊர்க்காரர்களின் விளைந்த வயல். தைக்குள் பாலமோ, பாலம் மாதிரி எதுவோ வராவிட்டால் அறுபத்தொரு ஏக்கர் நெல்லும் நின்ற இடத்திலேயே கொட்டிப்போகும். இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லத்தான் மறுநாள் காலை பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனார்.

எழுத்தர் ஹமீதா பானு நல்ல மாதிரி. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"பாலம் இடிஞ்சு போச்சும்மா" என்றார் இளையபெருமாள்.

"என்னைக்குங்க?"

"நேத்து மத்தியானம்."

தட்டச்சு செய்யப் போன விரல்கள் நின்றன. "நவம்பரா?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார். "ஒரு மாசம் முன்னாடி இடிஞ்சிருந்தா பிரச்சனையே இல்லீங்க. உடனே சேத்திருக்கலாம்." பிறகு கணினியைத் திருப்பி நூற்று ஒன்பதாம் பக்கத்தைக் காட்டினார். அங்கே அழகான எழுத்தில் இருந்தது: 'நவம்பர் மாதத்தில் வடகிழக்குப் பருவமழை போதிய அளவு பெய்தது. பேரூராட்சியின் பாலங்கள் அனைத்தும் உறுதியுடன் நின்று மக்களின் பாராட்டைப் பெற்றன.'

இளையபெருமாள் இரண்டு முறை படித்தார். "நான் பாராட்டலியேம்மா" என்றார்.

"மக்கள்னு பொதுவாத்தாங்க போட்டிருக்கு" என்று சமாதானம் சொல்லி, அவரைச் செயல் அலுவலரிடம் அனுப்பினார் ஹமீதா பானு.

செயல் அலுவலர் சாரங்கபாணி எதையும் பொறுமையாகக் கேட்கக்கூடியவர். கேட்பதற்கு மேல் எதுவும் செய்ததில்லை என்பதால் அவருக்கு எதிரிகளே கிடையாது. முழுக்கக் கேட்டுவிட்டு மேஜை மீது இரண்டு கையையும் கோத்து வைத்துக்கொண்டார்.

"பெருமாள், உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஆனா என் கஷ்டத்தையும் நீங்க புரிஞ்சுக்கணும். பாலம் நிக்குதுன்னு மன்றம் ஏகமனதாத் தீர்மானம் போட்டிருக்கு. இப்ப அது இடிஞ்சுதுன்னு நான் ஒத்துக்கிட்டா மன்றம் பொய் சொல்லுச்சுன்னு ஆயிடும். மன்றம் பொய் சொல்லுமா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க சார். ஒரு எட்டு வந்து பாருங்க. வண்டில அஞ்சு நிமிஷம்."

சாரங்கபாணி பதறிவிட்டார். "பாக்கவே கூடாது. பாத்தா எனக்குத் தெரிஞ்சுடும். தெரிஞ்சா நடவடிக்கை எடுக்கணும். நடவடிக்கைக்குக் கோப்பு வேணும், கோப்புக்கு மலர் வேணும். மலர்ல பாலம் நிக்குது. இருபத்தி நாலு வருஷ சர்வீஸ்ல நான் தெரிஞ்சு ஒரு தப்பும் பண்ணதில்ல. அதுக்கு என்ன காரணம்னு நெனைக்கிறீங்க? தெரிஞ்சுக்காம இருந்ததுதான்."

சொல்லிவிட்டு அவர் மனம் இளகினார். மலர்க் குழுத் தலைவரைப் பார்த்து, வேறு ஏதாவது பக்கத்தில் இடம் உண்டா என்று கேட்கும்படி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

மலர்க் குழுத் தலைவர் அன்பரசன், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இளையபெருமாள் போனபோது அவர் உலகத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். சிவப்பு மையில் ஐரோப்பாவின் மேல் ஒரு கோடு கிழித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மைல்கல்னா என்ன பெருமாள்? ஊரு எவ்வளவு தூரம் முன்னேறி வந்திருக்குன்னு காட்டுறது. நீங்க கொண்டுவந்திருக்கிறது விழுந்த சமாசாரம். அதை மைல்கல் பகுதியில போட்டா படிக்கிறவன் என்ன நெனைப்பான்? இந்த ஊர்ல பாலம் விழும்னு நெனைப்பான்."

"விழுந்துடுச்சேங்கய்யா."

"அது உங்க கண்ணோட்டம்" என்றார் அன்பரசன். கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் யோசிக்கிறபோது கண்ணை மூடிக்கொள்வார். நாற்பது வருஷம் மாணவர்களைப் பயமுறுத்திய பழக்கம். "கலை பண்பாட்டுப் பக்கம் டிசம்பர் பத்து வரைக்கும் திறந்திருக்கு. அதுல பாக்கலாம்" என்றார்.

கலை பண்பாட்டுக்கும் பாலத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இளையபெருமாள் கேட்கவில்லை. பாலம் புத்தகத்தில் ஏறினால் கோப்பு திறக்கும், கோப்பு திறந்தால் ரெண்டு சிமென்ட் குழாயும் நாலு லோடு மண்ணுமாவது வரும். எந்தப் பக்கத்தில் ஏறினால் அவருக்கு என்ன?

மறுநாள் அன்பரசன் குடை பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரைக்கே வந்துவிட்டார். செயல் அலுவலரைப் போல அவருக்குப் பார்ப்பதில் பயமில்லை. இடிந்து நின்ற இரண்டு ஓரங்களையும், நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளையும், தண்ணீருக்குள் சாய்ந்து கிடந்த கைப்பிடிச் சுவரையும் வெகு நேரம் பார்த்தார். முகம் கனிந்துவிட்டது.

"அடடா. என்ன ஒரு சோகம், என்ன ஒரு அழகு! இடிபாடுன்னா இது இடிபாடு."

"கட்டி ஆறு வருஷந்தாங்கய்யா ஆவுது."

"அதான்யா செய்தி! பெரிய கோயில் ஆயிரம் வருஷமா நிக்குது. அதுல என்ன இருக்கு? இது ஆறே வருஷத்துல இந்தப் பக்குவத்துக்கு வந்திருக்கு. நம்ம பேரூராட்சியோட கட்டுமானத்தைத் தவிர வேற எதால இது முடியும்?"

அந்த வாரமே 'பிடாரி வாய்க்கால் தொன்மைச் சின்னம்' என்று எழுபத்தேழாம் பக்கத்தில் முழுப் பக்கப் படம் தயாரானது. இளையபெருமாள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். பெருமூச்சு அடங்குவதற்குள் இரண்டு பணியாளர்கள் வந்து கரையில் ஒரு பலகை நட்டார்கள். 'இது பாதுகாக்கப்பட்ட தொன்மைச் சின்னம். இதன் அருகே மண் கொட்டுவதோ, கட்டுவதோ, சீர்குலைப்பதோ தண்டனைக்குரிய குற்றம்.' ஒரு கம்பி வேலியும் போட்டார்கள். பாலத்துக்குச் சிமென்ட் இல்லை, வேலிக்கால் நடச் சிமென்ட் இருந்தது.

"ஏங்க, நீங்க பாலம் கேக்கப் போனீங்களா, இருந்த கரைக்கு வேலி போடப் போனீங்களா?" என்று கேட்டாள் நீலாம்பாள். அவர் சோற்றில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். கோபம் வந்தால் சிலருக்குப் பேச்சு வரும், அவருக்குப் பசி போய்விடும்.

தொன்மைச் சின்னத்தைத் தொன்மைச் சின்னம் இல்லை என்றாக்குவதற்கு இன்னும் பதினெட்டு நாள் பிடித்தது. சின்னம் அழகாக இல்லை என்று அக்கம்பக்கத்தார் சாட்சி சொல்ல வேண்டும் என்பது விதி. கீழத்தெருவில் இருபத்து மூன்று பேர் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். 'மேற்படி பாலத்தை நான் நேரில் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.' அன்பரசனுக்கு மனசே இல்லை. ரசனை இல்லாத தெரு என்று முணுமுணுத்தபடி எழுபத்தேழாம் பக்கத்தைக் கிழித்து, அங்கே கோலப்போட்டி முடிவுகளைப் போட்டார். கோலப்போட்டி பொங்கலுக்குத்தான் நடக்கும். முதல் பரிசு யாருக்கு என்பது முடிவாகியிருந்தது.

அப்போது டிசம்பர் இருபத்து நான்கு. வயலில் கதிர் பால் பிடித்துத் தலை சாயத் தொடங்கிவிட்டது. இந்த வருஷம் பூச்சி இல்லை, பயிர் அமோகமாக இருந்தது. அதுவே இளையபெருமாளுக்குப் பெரிய கவலை. பயிர் சுமாராக இருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம்.

ஹமீதா பானுதான் அவரை அலுவலக வாசலில் ஓரமாகக் கூப்பிட்டு வழி சொன்னார். "நான் சொன்னதா சொல்லாதீங்க. உலகப் பக்கம் இருபத்தி எட்டு வரைக்கும் திறந்திருக்கும். அதுக்கு மன்றம் ஒப்புதல் வேணாம், உலகம்கிறதால. பட்டுக்கோட்டைல நௌஷாத் பிரஸ்லதான் அச்சாவுது. போய்ப் பேசிப் பாருங்க."

நௌஷாத் பதினைந்து வருஷமாக அந்த மலரை அச்சடிக்கிறவர். இதுவரை படித்ததில்லை என்று பெருமையாகச் சொல்வார். இளையபெருமாள் சொன்னதை மெஷின் சத்தத்துக்கு நடுவே காதைக் கொடுத்துக் கேட்டார்.

"முப்பத்தெட்டாம் பக்கத்துல ஒரு ஓட்டை விழுந்திருக்குண்ணே. எந்த நாட்டு மந்திரியோ ராஜினாமா பண்ணிட்டாருன்னு போட்டிருந்தாங்க. அந்த ஆளு திரும்பப் போய் ஒக்காந்துட்டாராம். உங்க பாலத்தை அங்க உட்டுடலாம். ஆனா வெளிநாட்டுலேர்ந்து வந்த செய்தியா இருந்தாத்தான் வாத்தியார் சேப்பாரு."

"பாலம் இங்கதானே தம்பி இடிஞ்சுது?"

"இடிஞ்சது இங்க இருக்கட்டும். சொல்றவன் அங்க இருந்தாப் போதும்."

நௌஷாத்தின் மச்சான் மூஸா குவைத்தில் வேலை செய்கிறான். வெள்ளிக்கிழமைதோறும் அங்கிருக்கும் தமிழர்களுக்கு இணைய வானொலி ஒன்றில் செய்தி வாசிப்பான். நௌஷாத் அங்கேயே நின்று அவனுக்குப் போன் போட்டார். வெள்ளிக்கிழமை மாலை, தங்கம் விலைக்கும் விமான நேர மாற்றத்துக்கும் நடுவில் மூஸா கணீரென்று வாசித்தான்: "இந்தியாவின் குவளைமங்கலத்தில் பாலம் இடிந்ததில் அறுபத்தொரு ஏக்கர் நெல் துண்டிக்கப்பட்டுள்ளது. விவசாயிகள் கவலை." நௌஷாத் அதைப் பதிவு செய்து, 'குவைத் செய்தி' என்று தலைப்பிட்டு அன்பரசனுக்கு அனுப்பினார்.

ஒரு மணி நேரத்தில் அன்பரசன் இளையபெருமாளுக்கே போன் செய்தார். குரல் தழுதழுத்தது.

"பெருமாள், கேட்டீங்களா? எங்கியோ ஒரு ஊர்ல பாலம் இடிஞ்சு போச்சாம். அறுபத்தொரு ஏக்கர். அந்த விவசாயிங்க நிலைமையை நெனைச்சா எனக்குச் சோறு எறங்கல."

"ஐயா, அது நம்ம ஊருங்க. நான்தான்."

"தெரியும்யா. ஆனா குவைத்துலேர்ந்து கேக்குறப்ப எப்படி உலுக்குது!"

ஜனவரி முதல் தேதி மண்டபம் நிரம்பி வழிந்தது. வாழை மரம், வரவேற்பு வளைவு, வாசலில் சந்தனம் எல்லாம் இருந்தன. இளையபெருமாள் வெள்ளை வேட்டி கட்டி, நீலாம்பாளோடு ஆறாவது வரிசையில் உட்கார்ந்தார். மலர் கைக்கு வந்ததும் முப்பத்தெட்டாம் பக்கத்தைத் திருப்பினார். ஒரு தேர்தலுக்கும் ஒரு எரிமலைக்கும் நடுவில் அவருடைய பாலம் இருந்தது. தலைப்பு, 'உலகை உலுக்கிய சோகம்'. படம் இல்லை. குவைத்திலிருந்து படம் வரவில்லை என்று அடியில் போட்டிருந்தது.

சாரங்கபாணி பேச எழுந்தார்.

"இந்த ஒரு வருஷத்தை நாம திரும்பிப் பார்க்கிறோம். உலகம் எப்படி இருக்கு? போர், பூகம்பம், வெள்ளம். எங்க பாத்தாலும் இடிபாடு. நம்ம ஊர் எப்படி இருக்கு? நூற்று ஒன்பதாம் பக்கம் பாருங்க. எல்லாம் நிக்குது. இதுக்கு என்ன காரணம்? நாங்க ராப்பகலா உழைச்சது இல்ல. அப்படிப் பொய் சொல்ல மாட்டேன். முன்கூட்டியே எழுதிடறது. நடக்க வேண்டியதை அக்டோபர்லயே முடிவு பண்ணிட்டா, அப்புறம் நடக்கிறதுக்கு வேலையே இல்ல. மத்த நாடுகள் இதைக் கத்துக்கணும்." கைதட்டல் அடங்கும்வரை காத்திருந்தார். "ஆனாலும் அடுத்தவங்க துன்பத்தைக் கண்டு நம்ம மனசு கல்லாயிடக் கூடாது. முப்பத்தெட்டாம் பக்கத்துல பாலத்தை இழந்து தவிக்கிற அந்த முகம் தெரியாத விவசாயிகளுக்காக, எல்லாரும் எழுந்து ரெண்டு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்துவோம்."

மண்டபம் முழுக்க எழுந்தது. முகம் தெரியாத விவசாயியும் எழுந்தார். ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிற தன் பாலத்துக்காகத் தலைகுனிந்து நின்றார். பக்கத்தில் நீலாம்பாள் பல்லைக் கடிக்கிற சத்தம் அவருக்குக் கேட்டது. அந்த மௌனத்தில் வேறு சத்தமே இல்லை.

கூட்டம் கலைந்ததும் பக்கத்தை விரலால் பிடித்துக்கொண்டு மேடைக்குப் போனார். "சார், மலர்ல வந்துடுச்சு. இனிமே கோப்பு திறக்கலாம்ல? பொங்கலுக்கு இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு."

சாரங்கபாணி வாங்கிப் படித்தார். அனுதாபத்தோடு தலையை ஆட்டினார். "வந்திருக்கு, மறுக்கல. ஆனா உலகப் பகுதில வந்திருக்கு. உலகச் செய்திக்கு நம்ம அதிகாரத்துல உள்ளது வாழ்த்து, கண்டனம், இரங்கல். இந்த மூணுதான். இரங்கல் தீர்மானம் போட்டாச்சு. குவைத்துக்குத் தபால்லயும் போயிடுச்சு. அதுக்கு மேல வெளிநாட்டு விவகாரத்துல ஒரு பேரூராட்சி தலையிட முடியுமா?"

"சார், கெஞ்சிக் கேக்குறேன். குழாய் கூட வேணாம். மண்ணாவது கொட்டச் சொல்லுங்க. நெல்லு பழுக்கப் போவுது சார்."

"நான் மண் கொட்டுனா அது உள்ளூர்ப் பாலம்னு ஆயிடும். உள்ளூர்ல பாலம் நிக்குது. நிக்கிற பாலத்து மேல எதுக்கு மண்ணு கொட்டுனீங்கன்னு தணிக்கையில கேப்பாங்களே?"

இளையபெருமாளுக்கு அழுகை வந்தது. ஐம்பத்தேழு வயதில், வெள்ளை வேட்டியோடு, சந்தனம் பூசிய கழுத்தோடு அழுவது அவமானமாக இருந்தது. மலரைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். இவ்வளவு நாள் இந்தப் புத்தகத்தின் பின்னால் அலைந்த நேரத்துக்குக் கூடை எடுத்து மண் சுமந்திருந்தால் கூட வாய்க்காலில் பாதி தூர்ந்திருக்கும் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். திட்டியது நியாயமானதுதான்.

கீழத்தெரு கூடி உட்கார்ந்து, இனி யாரையும் கேட்பதில்லை என்று முடிவு செய்தது. நான்கு தென்னை மரத்தை வெட்டி, இடிந்த ஓரங்களுக்கு நடுவே போட்டுக் கயிற்றால் கட்டினார்கள். ஆள் நடக்கத் தாங்கியது. மெஷின் ஓட்டுகிற அப்சர் வந்து பார்த்து, ஒரு முறை அதன்மேல் நடந்து, திரும்பி வந்து கையெடுத்துக் கும்பிட்டான். "அண்ணே, மெஷினும் போயிடும், நானும் போயிடுவேன். எம் பொண்டாட்டிக்கு என்ன பதில் சொல்வீங்க?" அவன் மேல் தப்பில்லை. எட்டு நாள் அவர்களுக்காக வண்டியை நிறுத்தி வைத்திருந்துவிட்டு, நாகூர்ப் பக்கம் அறுவடைக்குப் போய்விட்டான்.

தை ஏழாம் தேதி, வழக்கமாக அப்போது வராத மழை வந்தது. இரண்டு நாள் கொட்டித் தீர்த்தது. நெல் பாயாகச் சாய்ந்து தண்ணீரில் முகம் புதைத்தது. சாய்ந்த கதிர் இரண்டு நாள் நனைந்தால் முளை விடும். மூன்றாம் நாள் காலை நீலாம்பாள் பரணில் ஏறி, இருபது வருஷமாகக் கை படாத கருக்கரிவாளைத் தேடி எடுத்தாள். தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் இதேதான் நடந்தது. பெண்கள் இறங்கி அறுத்தார்கள். ஆண்கள் கட்டுக் கட்டித் தூக்கிவிட்டார்கள். மழை நீர் குடித்த கட்டு, கல்லைத் தூக்கினாற்போலக் கனத்தது. அதைத் தலையில் வைத்துக்கொண்டு, வழுக்குகிற தென்னைமரத்தின் மேல் ஒருவர் பின் ஒருவராக அக்கரைக்கு நடந்தார்கள். எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடிக்கும் கதிரிலிருந்து கொஞ்சம் நெல் வாய்க்காலில் கொட்டியது. ஐந்து நாள் அறுத்தும் இருபத்தைந்து ஏக்கர்தான் முடிந்தது. மிச்சத்தில் பச்சையாக முளை தெரிந்தது. நீலாம்பாளின் உள்ளங்கை கிழிந்து, துணி சுற்றியிருந்தாள்.

ஆறாம் நாள் காலையில் அன்பரசன் வந்தார். கூடவே கேமராவோடு ஒரு புகைப்படக்காரர். வானம் மறுபடி கறுத்துக்கொண்டிருந்தது. அன்பரசன் கரையில் நின்று அந்த வரிசையைப் பார்த்தார். அவர் கண்கள் நனைந்தன.

"பெருமாள்! நான் கனவு கூடக் கண்டதில்லை. மெஷின் சத்தம் இல்ல, புகை இல்ல. கையறுவடை! அந்தக் காலத்துல பாத்தது. அடுத்த மலர்ல பண்பாட்டுப் பகுதிக்கு முதல் பக்கமே இதுதான். தலைப்பு கூட எழுதிட்டேன்: 'பேரூராட்சியின் சீரிய முயற்சியால் மீண்டது பாரம்பரிய அறுவடை.' ஏம்மா, கொஞ்சம் அந்த மரத்து மேல அப்படியே நில்லுங்க. சிரிச்ச முகமா."

வரிசை நின்றது. சிரிக்கச் சொன்னதால் நிற்கவில்லை. யாராலும் நம்ப முடியவில்லை. இளையபெருமாளுக்கு முகம் எரிந்தது.

நீலாம்பாள்தான் நகர்ந்தாள். ஊர்க் கரைக்கு வந்து தன் கட்டை இறக்கிவிட்டு, சும்மாட்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டு நேராக அன்பரசனிடம் வந்தாள். "ஐயா, உங்க முயற்சின்னு போட்டிருக்கீங்க. படத்துல நீங்க இல்லன்னா நல்லா இருக்குமா?"

அன்பரசன் வெட்கப்பட்டார். நியாயம்தான் என்று அவருக்குத் தோன்றியது. மரத்தின் மேல் நின்றவர்கள் பின்வாங்கி வழிவிட, அவள் அவரை அதன்மேல் நடத்தி வயல் பக்கம் கூட்டிப்போனாள். சும்மாட்டைத் தலையில் வைத்தாள். இளையபெருமாளும் இன்னொருவரும் ஒரு ஈரக் கட்டைத் தூக்கி அதன்மேல் ஏற்றினார்கள். அன்பரசனின் கழுத்து தோளுக்குள் இறங்கியது. நாற்பது வருஷம் பாடம் நடத்திய வாயிலிருந்து ஒரு முனகல் மட்டும் வந்தது.

"நடங்கய்யா" என்றாள் நீலாம்பாள்.

நடந்தார். மரத்தின் நடுவுக்கு வந்ததும் கால் ஓடவில்லை. கீழே வாய்க்கால் சுழித்துக்கொண்டு போனது. முன்னாலும் போக முடியாமல், கட்டை இறக்கவும் முடியாமல், மூக்கு நுனியில் தண்ணீர் சொட்ட அப்படியே நின்றார். "தம்பி, படம் எடுத்துட்டியா? எடுத்துட்டா எறக்கச் சொல்லு" என்று கத்தினார்.

"எடுக்கலீங்கய்யா" என்று புகைப்படக்காரரின் குரல் வந்தது. அது கரையிலிருந்து வரவில்லை, அவருக்கு நேர் பின்னாலிருந்து வந்தது. அந்த ஆளின் தலையிலும் ஒரு கட்டு இருந்தது. கேமரா இளையபெருமாளின் தோளில் தொங்கியது. அதற்குப் பின்னால் பத்தொன்பது பெண்கள் கட்டோடு காத்து நின்றார்கள். முதல் தூறல் விழுந்தது.

"யாராவது கையப் புடிங்க! என்னால முடியல. இது எவ்வளவு நேரம்?"

"அங்க நின்னு பேசாதீங்கய்யா" என்றாள் நீலாம்பாள். "பின்னாடி நெல்லு கொட்டுது."